மணல் அரைக்கும் மீன்

மாலத்தீவுக் கடற்கரைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்ற அந்த மணல் எங்கிருந்து வந்தது? அங்குள்ள வக்காரு தீவில் நடந்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. தீவைச் சுற்றிய பவளத்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் கழிவுதான் என்கிறது அது. தேனிலவுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது!

கிளிமீனின் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி அலகுபோல் முன்னே நீண்டிருக்கும். அதற்குப் பிடித்தது பவளமல்ல. பவளப்பாறையின் மேலும் உள்ளும் வளரும் பாசியும் நுண்ணுயிர்களும்தான். அவற்றைத் தின்னப் பாறையையே கரண்டியாக வேண்டியிருக்கிறது. அருகில் நீந்துபவர்களுக்கு 'கறுக் கறுக்' என்று கேட்கும். உள்ளே போன கல்லைத் தொண்டையில் இருக்கும் இன்னொரு பல்வரிசை திருகைபோல் அரைத்துவிடுகிறது. இந்த மீனுக்கு இரைப்பை கிடையாது. அரைத்த மாவு நேரே குடலுக்குப் போகும்; சத்து உடம்பில் சேர, மிச்சம் மணலாக வெளியேறும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலைத் தள்ளிவிடும்.

நிறத்தைச் சொல்லவே வேண்டாம். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று மினுங்குபவை பெரும்பாலும் ஆண்கள். பெண்களும் இளசுகளும் பழுப்போ சாம்பலோதான். ஆனால் பல இனங்களில், கூட்டத்தை ஆளும் ஆண் இல்லாமல் போனால் பெரிய பெண்மீன் ஒன்று நிறம் மாறி, ஆணாகவே மாறிவிடுகிறது. ஒரே இனத்தை இரண்டாக எண்ணி அந்தக் கால அறிஞர்கள் தனித்தனிப் பெயர் வைத்ததும் உண்டு.

இரவில் சில இனங்கள் பாறை இடுக்கில் ஒதுங்கி, தம்மைச் சுற்றிச் சளியால் ஓர் உறை கட்டிக்கொண்டு தூங்கும். எதிரிக்கு வாடை போகாமலிருக்க என்றுதான் முன்பு நினைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் செய்த சோதனையில், இரத்தம் குடிக்கும் சிறு ஒட்டுண்ணிகளையும் அது தடுப்பது தெரிந்தது.

நம் மன்னார் வளைகுடாவிலும் கிளிமீன்கள் உண்டு. வலையில் விழுகின்றன, சந்தைக்கும் வருகின்றன. இவை குறைந்தால் பாசி மண்டிவிடும்; பவளத்தின் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடமிருக்காது. கரீபியக் கடலோர நாடான பெலீஸ் 2009இல் கிளிமீன் பிடிப்பதையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.