விலை ஏறினால் முதலில் குறைவது அம்மாவின் தட்டு

மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து...



ஒரு கேள்வி கேட்கிறேன். மனசுக்குள்ளே பதில் சொல்லுங்க. நேத்து ராத்திரி உங்க வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்? அப்போ சட்டியில் என்ன மிச்சம் இருந்தது?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2024 அக்டோபரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம். இந்தக் கணக்கெல்லாம் கடைசியில் வந்து விழுகிற இடம் நம்ம அடுப்படி.

வீட்டு வாடகையைக் குறைக்க முடியாது. குழுக்கடன் தவணையைத் தள்ளிப் போட முடியாது. அப்போ எதில் கை வைக்கிறோம்? பருப்பில். சாம்பார் தண்ணியாகுது. முட்டை பிள்ளைக்கு மட்டும்னு ஆகுது. அம்மா ரசத்தை ஊத்திச் சாப்பிட்டுட்டு, "எனக்குப் போதும்"னு எழுந்திருக்கிறாங்க.

ரேஷன் அரிசி இருக்கு, வயிறு நிறையுது. ஆனால் அரிசி பசியைத்தான் அடக்கும். உடம்பில் ரத்தம் ஊற அது மட்டும் போதாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு என்ன சொல்லுது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருத்தர்! விலைவாசி மட்டுமே இதுக்குக் காரணம்னு நான் சொல்லவில்லை. ஆனால் பருப்பும் கீரையும் முட்டையும் தட்டை விட்டுப் போயிட்டா, சத்து மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

வழி இல்லாமல் இல்லை. சத்துணவில் பிள்ளைகளுக்கு வாரம் 5 நாள் முட்டை கிடைக்குது. 2007 முதல் ரேஷனில் மானிய விலையில் துவரம்பருப்பும் பாமாயிலும் கிடைக்குது. 2023-ல் தக்காளி எகிறினப்போ, சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றாங்க. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதெல்லாம் சாட்சி.

அதனால் நாம் கேட்பது மூன்று. ரேஷன் பருப்பும் எண்ணெயும் மாசத்தின் முதல் வாரத்திலேயே, "ஸ்டாக் இல்லை"ங்கிற பேச்சே இல்லாமல் கிடைக்கணும். காய்கறி விலை ஏறினால், சென்னையில் மட்டுமல்ல, கிராமத்துக் கடையிலும் குறைந்த விலையில் விற்கணும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ரேஷனில் கூடுதலாகப் பயறு தரணும்.

இதைக் கேட்டு வாங்குவது நம்ம கட்சியோட வேலை. ஆண்களுக்கு ஒரு வேலை இருக்கு, அது இன்னிக்கு ராத்திரியே: எல்லாரும் ஒண்ணா உட்காருங்க. முதல் கரண்டி பருப்பை அவங்க தட்டில் போடுங்க.



#விலைவாசி #அம்மாவின்தட்டு