வீட்டுக்குள் பூக்கும் ஆந்தூரியம்



பூச்செடின்னா நல்ல வெயிலும் நிறையத் தண்ணியும் வேணும்னு நமக்கு ஒரு பழக்கம். செம்பருத்திக்கு அது சரி. ஆந்தூரியத்துக்கு அதே பக்குவம் செய்தால், காசு கொடுத்து வாங்கின செடி வீணாகிவிடும். தண்ணீரில்லாமல் காய்ந்த ஆந்தூரியத்தைவிட, தண்ணீர் மிஞ்சி அழுகிய ஆந்தூரியத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காரணம் என்ன? இது கொலம்பியா, ஈக்வடார் நாட்டு மழைக்காட்டுச் செடி. 1876-ல் எடுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவில் இதைச் சேகரித்தார். காட்டில் மரக்கிளையைப் பற்றியும், தழைக்குப்பையில் வேரூன்றியும் வளர்வது. அதனால் வேருக்குக் காற்று வேண்டும். களிமண்ணை அடைத்துத் தொட்டியில் வைத்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும்.

தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, உடைத்த செங்கல் 1 பங்கு, அடுப்புக்கரி 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். மட்டைத் துண்டை 3, 4 நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் போய்விடும். அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். குருத்து புதையக் கூடாது.

"இலை வருது, பூ வரலையே" என்று கேட்பவர்கள் முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். வளர்ந்த செடியில் ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு பூ வரவேண்டும். இருட்டு மூலையில் அது வராது. பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சமுள்ள ஜன்னலோரம் நல்லது. உச்சிவெயில் நேராகப் பட்டால் இலை வெளுத்துக் கருகும். நாம் பூ என்று சொல்லும் சிவப்புப் பகுதி உண்மையில் ஒரு மடல். நடுவிலுள்ள கதிரில்தான் சின்னச் சின்னப் பூக்கள் இருக்கின்றன. மடல் ஒரு மாதத்துக்கு மேலும் வாடாமல் நிற்கும்.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலைநுனி கருகும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றலாம். 15 நாளைக்கு ஒரு தடவை, ஈரமுள்ள தொட்டியில், தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து விட்டால் போதும்.

மாவுப்பூச்சி கண்டால் ஈரத்துணியால் துடைத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். இலையோரம் நீர் ஊறினாற்போல் புள்ளி விழுந்து, சுற்றிலும் மஞ்சள் பரவினால் பாக்டீரியா கருகல் நோயாக இருக்கலாம். அந்தச் செடியை உடனே தனியே பிரியுங்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இது நம்ம சேம்பு, கருணைக் குடும்பத்துச் செடி. சேம்பு நாக்கை அரிக்க வைக்கிற கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. தவழுகிற பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்துவிட்டால் வாயை நன்றாகத் துடைத்துக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

பக்கக்கன்று தன் வேர் விட்டு, 3, 4 இலையும் விட்டதும் பிரித்து நடலாம். அடுத்த வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். கூடவே, விரல்விட்டுப் பார்க்கிற பக்குவத்தையும் சொல்லிக் கொடுங்கள்.