இரத்தம் சொல்லும் செய்தி

எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி, கிள்ளான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலைக்குப் போனாள். சில காலத்தில் அவள் கன்னங்கள் இரண்டும், பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போலச் சிவந்தன. விரல் மூட்டுகளில் வலி, ஓயாத களைப்பு. "வெயில்தான் காரணம்" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பல மாதங்கள் கழித்தே நோயின் பெயர் தெரிந்தது. அதுதான் லூப்பஸ்.

இது ஒட்டுவாரொட்டி நோய் அன்று. கிருமிகளை எதிர்ப்பதற்காக நம் இரத்தத்தில் சில புரதங்கள் உண்டு. அந்தக் காவற்காரர்களே வீட்டாரைத் தாக்கத் தொடங்குவதுதான் லூப்பஸ். இது பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 539 நோயாளிகளை ஆராய்ந்து, 1997ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலும் பெண்களே மிகுதி.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் 'ஏ.என்.ஏ.' என்னும் இரத்தச் சோதனை. லூப்பஸ் நோயாளிகளில் ஏறத்தாழ எல்லாருக்கும் இது 'உண்டு' என்று காட்டும். நோயில்லாத சிலருக்கும் அப்படிக் காட்டுவதுண்டு. ஆகையால் இதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம். அடுத்து, டி.என்.ஏ.வை எதிர்க்கும் புரதத்தைப் பார்ப்பார்கள். பிறகு சி3, சி4 என்னும் துணைப் புரதங்கள்; நோய் சீறும்போது இவை செலவாகிக் குறையும். சிறுநீரில் புரதம் கசிந்தால், சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் மேகநோய்ச் சோதனை, லூப்பஸ் உள்ள சிலருக்கு நோய் இருப்பதாகத் தவறாகக் காட்டிவிடும். வேறு வகைச் சோதனை செய்தால் உண்மை விளங்கும். அதற்குள் ஒரு பெண்ணின் மேல் பழி சுமத்திவிடாதீர்கள்.

மாத்திரையால் முகம் தெளிந்ததும், அந்தப் பெண் கிளினிக் போவதை நிறுத்தப் பார்த்தாள். ஒருநாள் கூலி போகிறதே என்பது தாயின் கவலை. நானே உடன் அழைத்துப் போனேன். உடம்பில் நோவு ஒன்றும் இல்லை. ஆனால் சிறுநீரில் புரதம் இருந்தது, சி3 குறைந்திருந்தது. உடனே மருந்தை மாற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது.

சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை, தாய்மார்களே. வெயிலில் போனால் தலைக்கும் கைக்கும் துணி போர்த்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நலமாக இருந்தாலும் குறித்த நாளில் இரத்தமும் சிறுநீரும் கொடுத்து வாருங்கள்.