மரந்தறித்தலும் அதற்கான கருவிகளும்
(கப்பல்துறைக் கமக்காரர்களுக்கு ஆற்றிய உரை)



பெரும்போக விதைப்புக்கு முன்னர் வரம்பைக் கட்டுகிறீர்கள். வாய்க்காலைத் துப்புரவு செய்கிறீர்கள். விதைநெல்லைச் சோதித்துப் பார்க்கிறீர்கள். அதே காலத்தில், வீட்டுக் கூரையருகிலும் கிணற்றடியிலும் தோட்ட வேலியிலும் நிற்கும் மரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்து நிலம் ஊறியபின் வேர்ப்பிடி தளரும். பின்னர் வீசும் காற்றுக்கு நோயுற்ற மரம் எளிதில் சாயும். 2000 டிசம்பர் 26 இல் வந்த சூறாவளியும், 2020 டிசம்பர் 2 இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறிய ‘புரெவி’யும் நம் மாவட்டத்தைத் தாக்கியவை என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆயினும், புயலில் விழும் மரம் மட்டுமே ஆளைக் கொல்வதில்லை. நாமே வெட்டி வீழ்த்தும் மரமும் கொல்லும். மரம் வெட்டுவோனின் உயிர், முதல் வெட்டு விழுவதற்கு முன்னர் அவன் செய்யும் ஆயத்தத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது. இன்று நான் வற்புறுத்த விரும்புவது இதனையே.

முதலாவது கேள்வி, அந்த மரத்தை வெட்டத்தான் வேண்டுமா என்பது. நிழல் விழுந்து மிளகாயும் கத்தரியும் காய்க்கவில்லையென்றால் பெரும்பாலும் சில கொப்புகளைக் களைந்தாற் போதும். கொப்பை அடியிலிருந்து ஓரடி தள்ளி, முதலில் கீழ்ப்புறமாகச் சிறிது அறுத்து, பின்னர் அதற்குச் சற்று வெளியே மேற்புறமாக அறுத்து விழுத்துக. எஞ்சிய துண்டைத் தண்டை ஒட்டிய தடிப்பு வளையத்துக்கு வெளியே அறுத்துவிடுக. கீழ்வெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால், கொப்பு தன் பாரத்தினால் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அந்தப் புண்ணின் வழியே உளுப்பு ஏறும். அடித்தண்டில் பொந்து, வேரடியில் காளான், புதிதாக ஏற்பட்ட சரிவு, பட்டுப்போன உச்சி ஆகியவை காணப்படும் மரங்களே வெட்டத் தக்கவை.

இரண்டாவது, சட்டம். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலாயினும் அனுமதியின்றித் தறித்தலாகாது. கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் அனுமதி பெறுக. முதிரை, பாலை, கருங்காலி, ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயரிட்டழைத்த சவண்டலை முதலிய விலையுயர்ந்த மரங்களாயின், வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் முன் வனத் திணைக்கள அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நன்று. மின்கம்பிக்கு அருகில் நிற்கும் மரத்தை எக்காரணங்கொண்டும் நீங்களே தொடவேண்டாம். மின்சார அலுவலகத்திற்கு அறிவித்து, கம்பியில் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே வேலை தொடங்கவேண்டும்.

மூன்றாவது, கருவிகள். கூரான கோடரி, காட்டுக்கத்தி, நல்ல கைவாள், வைரமான மரத்தில் செதுக்கிய இரண்டு ஆப்புகள், மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள பழுதற்ற கயிறு ஆகியவை வேண்டும். மொட்டைக் கோடரி தெறித்துக் காலில் பாயும். ஆகையால் வேலைக்கு முன் தீட்டுக. காம்பு ஆடுகிறதா என்றும் பார்க்க. இயந்திர வாளாயின், சங்கிலியை அரத்தினால் கூராக்கி, அதன் இழுவையையும் தடுப்பையும் சோதித்தல் வேண்டும். சூடான இயந்திரத்தில் பெற்றோல் ஊற்றலாகாது. ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி விலகிய பின்னரே அதனை இயக்குக. வாளை இரு கைகளாலும் பிடித்து, தோளுக்குக் கீழேயே பயன்படுத்துக. வாள் அலகின் மேல்நுனி மரத்தில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் வாள் முகத்தை நோக்கி எழும். ஏணியில் நின்று இயந்திர வாளைப் பிடிப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலுடன் மரம் வெட்டும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். தலைக்கவசமும், கண்ணாடியும், தடித்த காற்சட்டையும், சப்பாத்தும் அணிதல் அவசியம்; இயந்திர வாளுக்குக் காதடைப்பும் வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஓர் அபாயமும் உண்டு. வேலியோர மரங்கள் பழைய முட்கம்பியையும் ஆணியையும் விழுங்கி வளர்ந்திருக்கும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது நின்ற முதுமரங்களிற் குண்டுச் சிதறல்களும் புதைந்திருக்கக்கூடும். பட்டையில் வீக்கமோ பழைய வடுவோ இருந்தால் அவ்விடத்தில் வாளை வைக்கவேண்டாம். வேரடியிலோ பற்றைக்குள்ளோ வெடிப்பொருள் போன்ற எதனையேனும் கண்டால், தொடாமல் விலகிப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

இனி வெட்டும் முறை. ஒரு கம்பை, கண்ணிலிருந்து பிடித்த கை வரையுள்ள தூரமே கைக்குமேல் நீண்டிருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். கம்பின் நுனி மரத்தின் உச்சியோடும், கை அடியோடும் பொருந்தும் வரை பின்னே நடவுங்கள். நீங்கள் நிற்குமிடத்திலிருந்து மரம் வரையுள்ள தூரமே அதன் உயரமாகும். முப்பதடி மரமாயின், அறுபதடிக்குள் பிள்ளைகளோ மாடுகளோ நிற்கலாகாது. மரம் விழும் திசைக்குப் பின்புறமாக, இடமும் வலமும் சரிவாக, ஓடுவதற்கு இரண்டு வழிகளைச் செத்தைகளின்றித் துப்புரவாக்கி வையுங்கள்.

பின்னர், விழவேண்டிய பக்கத்தில் ‘வாய்’ வெட்டுக. ஒன்றரையடிக் குறுக்களவுள்ள மரத்துக்கு அவ்வாயின் ஆழம் நாலு அங்குலம் போதும். அடுத்து, எதிர்ப்பக்கத்தில் வாயின் அடிமட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே பின்வெட்டைத் தொடங்குக. முழுவதும் அறுத்துவிடாதீர்கள். இரண்டு வெட்டுக்கும் நடுவே, ஏறக்குறைய குறுக்களவிற் பத்தில் ஒரு பங்காகிய இரண்டு அங்குலத்தை விட்டுவைக்க வேண்டும். கதவுக்குப் பிணைச்சல் எப்படியோ, மரத்துக்கு அந்த இரண்டு அங்குலமும் அப்படியே. பிணைச்சல் இருந்தால் மரம் நீங்கள் காட்டிய திசையில் மெல்லச் சாயும். அதனை அறுத்துவிட்டால் தான் நினைத்த பக்கம் திரும்பும். வெட்டு இறுகாமலிருக்கப் பின்வெட்டில் ஆப்பை அடியுங்கள். மரம் அசையத் தொடங்கியதும் வாளை விட்டு, வழியே விலகுங்கள். கருவியைக் காப்பாற்ற நின்று உயிரை இழக்கவேண்டாம்.

விழுந்த மரம் வேறொரு மரத்திற் சிக்கினால் அதன் கீழே எவரும் செல்லலாகாது. தாங்கி நிற்கும் மரத்தையும் வெட்டலாகாது. அடிப்பாகத்தில் கயிற்றைக் கட்டித் தூரத்திலிருந்து இழுத்தெடுங்கள். கயிற்றை இடுப்பிலோ கையிலோ சுற்றிக்கொண்டு இழுத்தலும் கூடாது.

கடைசியாக, கூலிக்கு ஆள் பிடிப்போருக்கு ஒரு வார்த்தை. கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கயிறும் தலைக்கவசமும் உண்டா என்று கேளுங்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், ஒரு குடும்பத்தின் உழைப்பாளியை உங்கள் வளவில் இழப்பதைக் காட்டிலும் பெரிய நட்டம் உண்டோ? எவரும் தனியாக மரம் வெட்டவேண்டாம். கூப்பிடு தூரத்தில் துணைக்கு ஒருவர் நிற்கட்டும். விபத்து நேரின் 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் வண்டியை உடனே அழைக்கலாம்.

வெட்டிய மரம் ஒன்றுக்கு இரண்டு கன்றுகளைக் காணி எல்லையில், பயிருக்கு நிழல் விழாத இடம் பார்த்து நடுங்கள். மழைக்கு முன் மரங்களைப் பாருங்கள். வெட்டுக்கு முன் வழியைப் பாருங்கள் என்று கேட்டு என் உரையை முடிக்கின்றேன்.