நிலவும் நிலக்கரியும்: டர்னர் தீட்டிய இரவு ஆறு



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் உரையாற்றுமாறு பணித்த நீங்கள், பொருளை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டீர்கள். தமிழாசிரியை ஆதலால் சங்கப் பாட்டையோ சிலம்பையோ எடுத்துக்கொள்வேன் என எண்ணியிருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஓவியம். அதுவும் ஆங்கிலேயர் ஒருவர் தீட்டியது. நம் கவியரங்குகளில் ஆறும் நிலவும் வாராத மாதம் இல்லை. அவ்விரண்டையும் மற்றொரு நாட்டுக் கலைஞர் எவ்வாறு கண்டார் என அறிவது, எழுதுகின்றவர்க்குப் பயன் தரும் என்று நம்புகின்றேன்.

ஜோசப் மல்லார்டு வில்லியம் டர்னர் 1775ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். தந்தையார் முடிதிருத்தும் தொழிலாளி, பொய்முடி செய்பவர். மகனோ பதினான்காம் வயதில், 1789ஆம் ஆண்டு, அரசு கலைக்கழகப் பள்ளியில் மாணவரானார். 1796ஆம் ஆண்டு அங்கே காட்சிக்கு வைக்கப்பெற்ற அவருடைய முதல் எண்ணெய்வண்ண ஓவியமே இரவைப் பற்றியது. நிலவொளியில் கடலாடும் மீனவர்களைக் காட்டுவது. மறு ஆண்டு, மில்பேங்க் என்னுமிடத்தில் தேம்சு ஆற்றின் மேல் எழுந்த முழுநிலவைச் சிறியதொரு பலகையில் தீட்டினார். ஆற்றங்கரை அவர் வாழ்வோடு ஒட்டியது. 1851ஆம் ஆண்டு திசம்பரில் அவர் உயிர் நீத்ததும் தேம்சு நதிக்கரையில் உள்ள செல்சீ வீட்டில்தான்.

நான் பேச விரும்பும் ஓவியம் 1835ஆம் ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றது. 'நிலவொளியில் நிலக்கரி ஏற்றும் படகுக்காரர்கள்' என அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இன்று அது அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஓடும் டைன் ஆறு கடலோடு கலக்கும் இடம், நேரம் இரவு. நடுவே நீர்ப்பரப்பு முழுதும் நிலவின் பாதை. வானின் நீலமும் வெள்ளியும் நீரில் இறங்கி, வான் எது, நீர் எது எனப் பிரித்தறிய இயலாதவாறு ஒன்றுகின்றன. நிலவை அவர் மெல்லிய பூச்சால் காட்டவில்லை; வெண்ணிறச் சாயத்தைத் தடிப்பாக அப்பிக் காட்டினார். இடப்புறம் நங்கூரமிட்ட பாய்மரக் கப்பல்கள். வலப்புறத்திலோ இருள், அவ்விருளில் தீப்பந்தங்கள், பந்த வெளிச்சத்தில் கரிய மனிதவுருவங்கள் சில வளைந்தும் நிமிர்ந்தும் உழைக்கின்றன. அவர்கள் நிலக்கரி வாரி ஏற்றும் தொழிலாளர்கள்.

அவர்கள் செய்த வேலையைச் சற்று விளக்க வேண்டும். ஆற்றின் மேற்பகுதியில் ஆழம் போதாமையால் பெருங்கப்பல்கள் உள்ளே செல்ல இயலாது. எனவே ஏறத்தாழ இருபது டன் நிலக்கரி கொள்ளும் தட்டையான படகுகளில் கரியை நிரப்பி, நீரோட்டத்தோடு முகத்துவாரம் வரை கொணர்ந்து, அங்கே காத்திருக்கும் கப்பல்களில் கைச்சட்டுவத்தால் வாரி ஏற்றினர். கடலின் ஏற்றவற்றம் இரவு பகல் பார்ப்பதில்லை. ஆகவே அவர்களும் பார்க்கவில்லை. அக்கரியே இலண்டன் மாநகரின் அடுப்புகளை எரித்தது. டர்னர் இக்காட்சியைத் தீட்டிய காலத்தில் இத்தொழில் நலிந்துகொண்டிருந்தது. கரையிலிருந்தே நேராகக் கப்பலில் கரியைக் கொட்டும் சரிவுகள் பெருகின. அவற்றை எதிர்த்துப் படகுத் தொழிலாளர்கள் 1822ஆம் ஆண்டு நெடுநாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயினும் சரிவுகள் நின்றபாடில்லை. மறையப்போகும் ஒரு தொழிலின்மீது நிலவொளி விழுந்த பொழுதை அவர் தீட்டிவைத்தார் என்று கொள்ளலாம்.

இவ்வோவியம் வெளியானபோது ஒரு திறனாய்வாளர் எழுதியதை நம் கவிஞர்கள் அறிதல் வேண்டும். காதலரைக் குறியிடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டிய இவ்வளவு அரிய நிலவொளியை, அழுக்கேறிய கரிக்காரர்மீது வீணாக்கிவிட்டாரே என்னும் பொருள்பட அவர் வருந்தினார். நிலவு யாருக்கு உரியது என்னும் வினா அவ்வருத்தத்துள் மறைந்து கிடக்கின்றது. அழகு சிலருக்கே உரியது, உழைப்பவர்மீது அது விழுந்தால் வீண் என்பது அவர் துணிபு.

இவ்விடத்தில் நம் மரபு வேறொன்று கூறுகின்றது. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். இரவுக்குறிக்கு வரும் தலைவனுக்கு நிலவு துணையன்று, இடையூறு. தாய் உறங்காமை, நாய் உறங்காமை, காவலர் சுற்றிவருதல் ஆகியவற்றோடு நிலவு வெளிப்படுதலையும் இடையீடாக வைத்து எண்ணியது பிற்கால அகப்பொருள் இலக்கணம். வெளிச்சம் வந்தால் ஊர் காணும். ஊர் கண்டால் அலர் எழும். மேலும், தலைவன் வரும் வழியை எண்ணித் தோழி நடுங்கும் நடுக்கத்தை 'ஆறு பார்த்துற்ற அச்சம்' என்று துறையாகவே வகுத்தனர். ஆறு என்பது ஈண்டு வழி. அவ்வழியிலோ முதலை திரியும் காட்டாறும் உண்டு. இரவு ஆற்றை நம் முன்னோர் வெறும் அழகாகப் பார்க்கவில்லை. அதனூடே ஒருவன் உயிரைப் பணயம் வைத்து வருகின்றான் என்ற நினைவோடுதான் பார்த்தனர். மனிதனை நீக்கிவிட்டு ஆற்றை மட்டும் பாடுதல் நம் அகமரபு அன்று.

ஒரு தடை எழலாம். "அம்மையீர், உழைப்பாளியின் துன்பத்தை டர்னர் அழகுபடுத்திவிட்டார் அல்லரோ? அவ்வோவியத்தைப் பெற்றவரும் மான்செசுடர் பஞ்சாலை முதலாளிதானே?" என இங்குள்ள முற்போக்குக் கவிஞர்கள் வினவக்கூடும். வினா நேரியதே. ஹென்றி மெக்கானல் என்னும் அவ்வாலை முதலாளிக்காகவே, முந்தைய ஆண்டு காட்சிக்கு வைத்த வெனிசு நகர ஓவியத்திற்கு இணையாக இதனை டர்னர் தீட்டினார். அவ்வுழைப்பாளிகளுக்கு முகம் இல்லை என்பதும் உண்மை. அவர்தம் கூலியும் பசியும் அத்திரையில் இல்லை. எனினும் அவர்களை அவர் நிலவொளியிலிருந்து விரட்டவில்லை. ஒரே இரவில் இரண்டு விளக்குகள் எரிகின்றன: ஒன்று வானத்தது, மற்றொன்று வேலைக்கானது. இரண்டையும் ஒரே திரையில் வைத்ததே அவருடைய நேர்மை. அவர் விட்ட முகத்தைத் தீட்டுவது நம் வேலை.

நம் ஊர் காட்டாங்குளத்தூர், இரண்டு ஆறுகளுக்கு இடையே அமைந்தது. தெற்கே, செங்கற்பட்டைக் கடந்தால் பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் நீரில்லை, மணல்தான். அம்மணலும் மாட்டுவண்டிகளிலும் லாரிகளிலும் இரவோடிரவாக அள்ளிச் செல்லப்பட்ட காலத்தை நாம் அறிவோம். பெருஞ்சாலையின் இருமருங்கும் எழுந்த கட்டடங்களின் சுவர்களுள் ஆற்றுமணல் உறைந்திருக்கின்றது. நிலவில் மணல் வாரிய கூலியாளின் வளைந்த முதுகை நம் கவிதை எத்தனை முறை கண்டிருக்கின்றது?

வடக்கே அடையாறு. ஆதனூர்ப் பகுதி ஏரிகளின் நீர்தான் அதற்குத் தோற்றுவாய். 2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அவ்விரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மின்விளக்கு அணைந்த தெருக்களே ஆறாயின. ஆறு, வழி என்னும் இரு பொருளும் அன்று ஒன்றாகிவிட்டன. வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தம் படகுகளோடு வந்தனர். டைன் ஆற்றின் கரிப்படகுக்காரரைப் போலவே, இவர்களும் பெயர் பதிவாகாத படகுக்காரர்கள்.

கவிஞர் பெருமக்களே, நிலவைப் பாடாதீர் என்று நான் கூறவில்லை. 1823ஆம் ஆண்டு நீர்வண்ணத்தில் தீட்டிய அதே டைன் ஆற்றிரவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து, எண்ணெய்வண்ணத்தில் பெரிதாக்கினார் டர்னர். ஒரு காட்சியை அவ்வளவு காலம் நெஞ்சில் வைத்திருக்கும் பொறுமை நமக்கும் வேண்டும். இரவு ஆற்றை எழுதும்போது, வலப்புறத்து இருளில் பந்தம் பிடித்து நிற்பவர் யார் என ஒருமுறை உற்று நோக்குங்கள். அவ்வுருவத்திற்கு முகம் கொடுங்கள். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அத்தகைய ஒரு கவிதையேனும் இவ்வரங்கில் ஒலிக்குமாயின், இன்று நான் பேசியதன் பயனை எய்தியவள் ஆவேன்.