முதியோரும் மின்னணு மருத்துவமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



முதுமையையும் மருத்துவத்தையும் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். இக்காலத்தில் மருத்துவம் மின்னணுக் கருவிகளின் வாயிலாக வீடு தேடி வருகின்றது. வந்த மருத்துவம் முதியோரின் கைக்கு எட்டுகின்றதா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயது கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர். 2050-ல் ஐவரில் ஒருவர் முதியவராயிருப்பார் என்று ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை கணிக்கின்றது. இத்துணைப் பேருக்கும் வாயில்தோறும் மருத்துவரை அனுப்புதல் இயலாது. ஆகவே கருவியின் துணை வேண்டும், அதில் ஐயமில்லை.

அத்துணை எவ்வாறு அமைதல் வேண்டும்? மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' திட்டத்தை நோக்குவோம். 2019 நவம்பரில் தொடங்கிய முறையில், நலவாழ்வு மையத்திற்கு வரும் நோயாளியின் அருகில் சுகாதார ஊழியர் ஒருவர் அமர்ந்து, தொலைவிலுள்ள மருத்துவரோடு திரையில் பேச வைக்கிறார். 2020 ஏப்ரலில் வந்த முறையிலோ, நோயாளி வீட்டிலிருந்தபடியே தம் கைப்பேசியில் பதிவு செய்து பேசலாம். இளைஞருக்குப் பின்னது எளிது. கண் மங்கி, விரல் நடுங்கும் முதியவருக்கு முன்னதே ஏற்றது. அங்கே துணைக்கு ஒரு மனிதர் இருக்கிறார்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. தன்னார்வப் பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளை வழங்குகின்றனர். கணினி கணக்கை வைத்துக்கொள்கிறது. வாசற்படி ஏறுவது மனிதர்தாம்.

நாம் வாழும் ஐதராபாத் நகரமும் இத்துறையில் வழிகாட்டியுள்ளது. 108 அவசர ஊர்தி 2005-ல் இங்குத்தான் தொடங்கிற்று. 2017-ல் டாட்டா அறக்கட்டளையினர், விஜயவாகினி அமைப்பின் வாயிலாகத் தெலங்கானா அரசுடன் கூடி, இந்நகர முதியோர்க்கென ஓர் உதவிப் பணியை ஏற்படுத்தினர். அதுவே 2021-ல் நாடெங்கும் பரவி, 14567 என்னும் கட்டணமில்லா எண்ணாயிற்று. ஓய்வூதியம், சட்டம், மருத்துவம் ஆகியவற்றுக்கு அங்கே வழி கேட்கலாம். துன்புறும் முதியோரைக் காக்க நேரில் ஆளும் வருவர். இவ்விரு எண்களுக்கும் வாய்ப்பேச்சே போதும். எழுத்தைத் தட்டத் தேவையில்லை.

இனி, நம் திருமுல்கேரியைப் பார்ப்போம். மக்களோடு வாழ வந்த பெற்றோர் பலருக்குத் தெலுங்கும் வராது, இந்தியும் வராது. பகலில் பிள்ளைகள் அலுவலகத்தில் இருக்கின்றனர். பதிவுக்குரிய இரகசிய எண்ணோ பிள்ளையின் கைப்பேசிக்குச் செல்கின்றது! அன்னைக்கு உடல்நலம் குன்றினால், எந்த மாத்திரை எவ்வளவு உண்கிறார் என்பதை மருத்துவரிடம் எம்மொழியில் சொல்வார்? திட்டம் எத்துணைச் சிறப்பாயினும், இந்த ஒரு படியில் இடறி நின்றுவிடுகிறதே!

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் இரு இளைஞர் அமர்ந்து, முதியோர்க்குப் பதிவு செய்யவும் மருத்துவரோடு மொழிபெயர்த்துப் பேசவும் துணை புரிதல் வேண்டும். அவர்கள் முதியோரின் இரகசிய எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்தல் கூடாது. முதியோரும் அதைத் தொலைபேசியில் எவருக்கும் சொல்லலாகாது. இரண்டாவதாக, நோய், மருந்து, ஒவ்வாமை, பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சிறு குறிப்பேடு ஒவ்வொரு முதியவரிடமும் இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றாலும் அது பேசும். மூன்றாவதாக, 108, 14567 என்னும் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி வீடுதோறும் சுவரில் ஒட்டுதல் வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டா. வாரத்திற்கு இரண்டு மணி நேரமே வேண்டும். கருவிகள் ஆண்டுதோறும் மாறும். அவற்றை முதியோரிடம் கொண்டு சேர்க்கும் கைகள் நம்மிடையே இருக்குமாயின், எக்கருவி வரினும் பயன் தரும். இளைஞர்கள் இன்றே தம் பெயரைச் செயலாளரிடம் பதிவு செய்யுமாறு வேண்டி, என் உரையை முடிக்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!