நாற்பத்திரண்டில் நாற்பத்தொன்று



வாதம் என்பது இந்த அவைக்குப் புதிய பொருள் அன்று. நீலகேசி என்னும் நூல் பெரும்பகுதியும் வாதமே. மாற்றுச் சமய ஆசிரியர்களைத் தேடிச் சென்று, ஒரே அவையில் எதிரெதிர் நின்று வாதிடுகிறாள் அதன் தலைவி. அந்நூல் மறுக்க எழுந்த குண்டலகேசியோ இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சிய அதன் சுவடுகளுள் சில, நீலகேசிக்கு எழுந்த உரையின் வழியே வந்தவை. மறுக்கப்பட்ட தரப்பின் சொற்களை மறுத்த தரப்பே காத்துத் தந்திருக்கிறது. அந்த நினைவோடு, அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வாதத்தைக் காண்பது தகும். அது ஏவுகணைகளைப் பற்றியது.

1991 ஜனவரியில் வளைகுடாப் போர் மூண்டது. ஈராக், இஸ்ரேல் மீதும் சவூதி அரேபியா மீதும் ஸ்கட் வகை ஏவுகணைகளை வீசியது. அவற்றை வானிலேயே தடுக்க அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டன. இரவு வானில் ஒளிக்கோடு ஒன்று மேலெழுவதையும், உயரத்தில் ஒரு தீப்பிழம்பு வெடிப்பதையும் உலகமே தொலைக்காட்சியில் கண்டது. கண்டவர் மகிழ்ந்தனர். பிப்ரவரி 15 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், பேட்ரியாட்டைச் செய்யும் ரேதியான் நிறுவனத்தின் ஆண்டோவர் தொழிற்சாலைக்குச் சென்றார். எதிர்கொண்ட 42 ஸ்கட்டுகளுள் 41 இடைமறிக்கப்பட்டன என்று தொழிலாளர்முன் பெருமிதத்தோடு அறிவித்தார்.

அந்தக் கணக்கை முதலில் வலுவாக ஐயுற்றவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தியோடர் போஸ்டல். பேட்ரியாட், இலக்கின் அருகே சென்றதும் தானே வெடித்துச் சிதறும் இயல்புடையது. ஆகவே வானில் தோன்றும் தீப்பிழம்பு பேட்ரியாட் வெடித்தது என்பதற்குச் சான்றே தவிர, ஸ்கட் அழிந்தது என்பதற்குச் சான்று ஆகாது. மேலும், தொலைவு கூடும்படி ஈராக் மாற்றியமைத்த அந்த ஸ்கட்டுகள், இறங்கும்போது காற்றின் அழுத்தத்தால் தாமே உடைந்து, துண்டுகளாகச் சுழன்று விழுந்தன. துண்டுகளுள் எது வெடிமுனை, எது வெறும் உலோகம் என்று பிரித்தறிவது, முதலில் வானூர்திகளை எதிர்க்கவே அமைக்கப்பட்ட பேட்ரியாட்டுக்கு எளிதாக இல்லை.

போஸ்டலும் அவரோடு ஆய்ந்த ஜார்ஜ் லூயிஸும் செய்தியாளர் எடுத்த ஒளிப்பதிவுகளைப் படம் படமாக நிறுத்திப் பார்த்தனர். தீப்பிழம்புக்குப் பின்னும் வெடிமுனை கீழே இறங்கித் தரையில் வெடிப்பதைப் பல பதிவுகளில் கண்டதாக எழுதினர். எதிர்த்தரப்பு வாளாவிருக்கவில்லை. நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் கருவி அது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஸ்கட் 50 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அத்தகைய பதிவிலிருந்து முடிவு காணலாகாது என்றனர். இது நேர்மையான ஆட்சேபமே. அறிவியல் வாதம் இப்படித்தான் நடக்க வேண்டும். ஏறத்தாழப் பத்தாண்டுக்குப் பின் இவ்விவாதத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் குழு ஒன்று, போஸ்டல், லூயிஸ் முறைக்கு எதிரான அந்த ஆட்சேபங்கள் நிலைபெறவில்லை என்று கண்டது.

ஆனால் விவாதம் அறிவியலாகவே நடக்க விடப்படவில்லை. போஸ்டலின் கட்டுரையில் மறைபொருளான தகவல்கள் உள்ளன என்று பாதுகாப்புத் துறையினர் அவரிடம் வந்தனர். வெளிப்படையாகக் கிடைத்தவற்றையே பயன்படுத்தியதாக அவர் மறுத்தார். ஒரு தரப்பின் சான்று பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. மறுதரப்பு தன் சான்றைப் பேசினால் அதுவும் பெட்டிக்குள் போக வேண்டும் என்கிறார்கள். எதிராளியின் சொல்லைக் காத்துத் தருவது எங்கே, இது எங்கே!

1992 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று இதனை விசாரித்தது. அதற்குள் இராணுவத்தின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. முதலில் சவூதியில் 80 விழுக்காடு, இஸ்ரேலில் 50 என்றனர். பின்னர் 70, 40 என்றனர். அவ்விசாரணையில் இராணுவத் தளபதி ஒருவர் அளித்த விளக்கம் தமிழ் படித்தவரைத் திகைக்க வைக்கும். குடியரசுத் தலைவர் சொன்ன ‘இடைமறித்தல்’ என்ற சொல்லுக்கு, அழித்தல் என்பது பொருள் அன்றாம். ஒரு பேட்ரியாட்டும் ஒரு ஸ்கட்டும் வானில் பாதை கடந்தன என்பதே பொருளாம். தொழிற்சாலையில் கைதட்டியவருள் எத்தனை பேர் அச்சொல்லை அப்பொருளில் கேட்டிருப்பர்? அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் தன் அறிக்கையை வெளியிட்டது. வெடிமுனை அழிந்தது என்பதற்கு மிக வலுவான சான்று உள்ளவை ஏறத்தாழ 9 விழுக்காடு மோதல்களே. பேட்ரியாட் எவ்வளவு நன்றாகச் செயற்பட்டது என்று முடிவாகச் சொல்லத் தக்க தரவுகளே இல்லை என்றது அது. சான்றில்லாதவை எல்லாம் தோல்வி என்றும் அது சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேட்ரியாட்டின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. அது வந்து நின்றதால் இஸ்ரேலிய மக்கள் ஓரளவு தெம்படைந்தனர். இஸ்ரேல் போரில் இறங்காமல் இருக்கவும் அது துணை செய்தது என்பர். அதனை மறுக்க வேண்டியதில்லை. அனேகாந்தத்தைச் சிலர், ‘எல்லாரும் சொல்வது சரிதான்’ என்னும் சமாதானப் பேச்சாகக் கருதுகின்றனர். அது அவ்வளவு மலிவான கொள்கை அன்று. ‘சியாத்’ என்று தொடங்குபவன், எந்த நோக்கில் சொல்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவன். மக்கள் மனத்தைத் தேற்றிய நோக்கில் பேட்ரியாட் வென்றது எனலாம். வெடிமுனையை அழித்த நோக்கில் அப்படிச் சொல்லச் சான்று போதாது. ஒரு நோக்கில் பெற்ற வெற்றியை மற்றொரு நோக்கின் கணக்கில் வரவு வைத்ததே அங்கு நேர்ந்த பிழை. 42-இல் 41 என்ற எண்ணோடு எந்த நோக்கும் ஒட்டியிருக்கவில்லை.

இவ்வளவும் பேராசிரியர்களின் வழக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. பேட்ரியாட்டின் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பதை இரும எண்முறையில் முடிவுற எழுத இயலாது. ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியதால் வரும் பிழை மிக நுண்ணியது. ஆனால் கணினியை நிறுத்தாமல் ஓட்ட ஓட்ட அது வளரும். இஸ்ரேலியர் தம் பேட்ரியாட்டுகளில் பதிவுக் கருவிகளைப் பொருத்தி ஓட்டினர். சவூதியில் இருந்த அமெரிக்கத் தளபதிகளோ, அக்கருவிகள் இயக்கத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று அஞ்சி அவற்றைத் தவிர்த்தனர். பதிவு வைத்திருந்தவர் பிழையைக் கண்டனர். எட்டு மணிநேரம் தொடர்ந்து ஓடினால் குறி விலகுகிறது என்று பிப்ரவரி 11 அன்று இஸ்ரேலியர் தெரிவித்தனர். பிப்ரவரி 16-இல் திருத்திய மென்பொருள் புறப்பட்டது. பிப்ரவரி 21-இல் பேட்ரியாட் படையினருக்கு, மிக நீண்ட நேரம் ஓட்டினால் விலகல் நேரலாம் என்று செய்தி போயிற்று. ‘மிக நீண்ட’ என்பது எத்தனை மணிநேரம் என்று அதில் இல்லை. பேட்ரியாட்டைப் பயன்படுத்துவோர் அவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டமாட்டார்கள் என்று அலுவலர் நம்பியிருந்தனர்.

பிப்ரவரி 25 இரவு, சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் அமைப்பு 100 மணிநேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிழை ஏறத்தாழ 0.34 நொடியாக வளர்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். வந்த ஸ்கட்டை ரேடார் தவறான இடத்தில் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. பேட்ரியாட் ஏவப்படவே இல்லை. ஸ்கட் படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 அமெரிக்க வீரர் மாண்டனர். அவர்களுள் 13 பேர் பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க் ஊரிலிருந்து வந்த துணைப்படைப் பிரிவினர். போர்க்களத்தில் அவர்களுக்கு இடப்பட்ட பணி குடிநீரைத் தூய்மை செய்வது. சவூதிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

திருத்திய மென்பொருள் மறுநாள், பிப்ரவரி 26 அன்று தஹ்ரான் வந்து சேர்ந்தது.